பதினேழாம் வீட்டுக் கொசு அட்டை

கொசுவை வாயால் உறிஞ்சிப் பிடிக்கிற வேலைக்குப் போகிறேன் என்று சொன்னபோது, அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இதுக்காடி எம்.எஸ்ஸி. படிச்சே?" என்றாள். அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். வேலை என்றால் எல்லாம் வேலைதான் என்பது அவர் கட்சி. அம்மாவின் கட்சி வேறு. நான் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சராகி, குடை பிடித்துக்கொண்டு நடந்து போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் நாலு பேர் என்னை டீச்சரம்மா என்று கூப்பிட வேண்டும். அவளுக்கு அவ்வளவு போதும். நான் போய்ச் சேர்ந்ததோ பூந்தமல்லிப் பக்கத்தில், யார் வீட்டுக் கட்டிலுக்கோ அடியில்.

எழுபதுகளின் தொடக்கம் அது. யானைக்கால் நோயைப் பரப்புகிற கொசுவின் பிழைப்பைப் பின்தொடர்ந்து பார்க்கிற ஆராய்ச்சி. அது எங்கே முட்டையிடுகிறது, எந்த மாதத்தில் பெருகுகிறது, இரவெல்லாம் குடித்த ரத்தத்தைச் செரிக்க விடிந்ததும் வீட்டுக்குள் எந்த மூலையில் போய் உட்காருகிறது, இதெல்லாம் தெரிந்தால்தான் நோயை நிறுத்த வழி தெரியும். கரையான்சாவடியில் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்து 'கள நிலையம்' என்று போர்டு மாட்டியிருந்தார்கள். உள்ளே இரண்டு மைக்ராஸ்கோப், ஒரு பெரிய மேசை, ஒரு தண்ணீர்ப் பானை. பானைக்கு மட்டும் எப்போதும் மூடி உண்டு. கொசு ஆராய்ச்சி நிலையத்திலேயே கொசு முட்டையிட்டால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று மேலதிகாரி அதில் கண்டிப்பாக இருந்தார்.

கருவி ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு சாண் நீளக் கண்ணாடிக் குழாய், அதன் பின்னால் ரப்பர் குழாய், இரண்டுக்கும் நடுவில் ஒரு துண்டு வலைத்துணி. ரப்பர் முனையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணாடி முனையைக் கொசுவின் அருகில் கொண்டுபோய் சட்டென்று உறிஞ்ச வேண்டும். கொசு கண்ணாடிக்குள் வந்து வலையில் மாட்டிக்கொள்ளும். வலைத்துணி கிழிந்திருந்தால் என்ன ஆகும் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு இரண்டு முறை கிழிந்தது.

என்னோடு வேலை பார்த்தவர் நாற்பது வயது தாண்டியவர். பட்டாபிராமிலிருந்து சைக்கிளில் வருவார். ஆங்கிலத்தில் அவர் பதவிக்கு 'இன்செக்ட் கலெக்டர்' என்று பெயர், அதாவது பூச்சி பிடிப்பவர். தெருக்காரர்கள் முதல் சொல்லை உதறிவிட்டு இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அவரும் ஆட்சேபிக்கவில்லை. கலெக்டர் வருகிறார் என்றால் திருநீறு பூசிய நெற்றியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக அவர்தான் வருவார். ஆனால் ஒன்பது வருடமாகத் தற்காலிக ஊழியர். ஒவ்வொரு மார்ச் மாதமும் வேலை போய், ஒவ்வொரு ஏப்ரலிலும் திரும்ப வரும். மார்ச் வந்தாலே அவர் சட்டையில் இஸ்திரி இருக்காது.

மேலதிகாரி தென்கோடிக்காரர். நகரத்திலிருந்து வாரம் ஒரு முறை ஜீப்பில் வருவார். சாந்தமானவர், மிக்சர் பிரியர். அவருடைய திட்டம் எளிமையானது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தெருக்கள், தெருவுக்கு முப்பது வீடுகள். முதல் தெருவின் சாக்கடையில் வாரந்தோறும் கொசுப்புழுவைக் கொல்கிற கறுப்பு எண்ணெயை ஊற்றுவது. இரண்டாவது தெருவில் ஒன்றும் செய்யாமல் விடுவது. இரண்டிலும் செவ்வாய், வெள்ளி காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து நானும் கலெக்டரும் வீடு வீடாகப் போய், வீட்டுக்குப் பத்து நிமிடம் டார்ச் அடித்துக் கொசுவை எண்ணிப் பிடிப்பது. எண்ணெயால் பலன் உண்டா இல்லையா என்று வருடக் கடைசியில் தெரிந்துவிடும். நாங்கள் முதல் தெருவை எண்ணெய்த் தெரு என்றும் இரண்டாவதைச் சும்மா தெரு என்றும் சொல்லிக்கொண்டோம்.

இரண்டு தெருவிலும் ஒரே மாதிரி குடும்பங்கள்தான். அப்பன் பாட்டன் காலத்தில் வயலில் கூலி வேலை செய்தவர்கள், இப்போது ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் ஷிப்டு போகிறவர்கள். நாங்கள் நுழைகிற நேரத்தில் ஆண்கள் டிபன் கேரியரோடு கிளம்பிக்கொண்டிருப்பார்கள். வீடு பெண்களின் கையில் இருக்கும்.

ஒவ்வொரு வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஒரு அட்டை தொங்கவிடுவது என்பது என் யோசனை. தேதி, கொசு எண்ணிக்கை, என் கையெழுத்து. மெயின் ரோட்டு அச்சகத்தில் அடித்து வாங்கினோம். இரண்டு கட்டுகளில் ஒன்று கலெக்டரின் சைக்கிள் கேரியரில் வரும் வழியில் மழையில் நனைந்து கூழாகிவிட்டது. போனால் போகிறது என்று எண்ணெய்த் தெருவுக்கு மட்டும் அட்டை மாட்டிவிட்டு, சும்மா தெருவின் எண்ணிக்கையை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். எங்கே எழுதினால் என்ன, எண் எண்தானே என்று நினைத்தேன். என் கையெழுத்து அழகானது, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆகவே அட்டையில் எண்களைச் சிவப்புப் பென்சிலால் பெரிது பெரிதாக எழுதினேன்.

முதல் நாள் பதினேழாம் வீட்டில் இருபத்திரண்டு கொசு. தெருவிலேயே அதுதான் அதிகம். அந்த வீட்டு அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். ஒல்லியான உடம்பு, கணீரென்ற குரல். எழுதப் படிக்கத் தெரியாது, எண் மட்டும் தெரியும். பஸ் நம்பர் பார்த்தே கற்றுக்கொண்டாராம். அட்டையை எட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"இன்னா டீச்சர், எத்தினிக்கு இருவத்திரெண்டு?"

"எத்தனைக்கும் இல்லைக்கா. இருந்தது இருபத்திரண்டு."

"பதினெட்டுல?"

பதினெட்டாம் வீட்டம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பரம சாதுவாக, "எங்க ஊட்ல மூணுதாம்மா" என்றார். பதினேழு அட்டையை இன்னொரு முறை பார்த்தார். விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

எனக்கு அன்று எதுவும் உறைக்கவில்லை. என்னைக் கொசு டீச்சர் என்று தெரு முழுக்கக் கூப்பிட்டபோதும் உறைக்கவில்லை. அம்மாவிடம் போய், "பார்த்தியா, கடைசியில் டீச்சர்னுதான் கூப்பிடறாங்க" என்று பீற்றிக்கொண்டேன். சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் எண் போடுகிறவளை வேறென்ன என்று நினைப்பார்கள் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

இரண்டாவது மாதத்திலிருந்து எண்ணெய்த் தெருவில் கொசு குறைய ஆரம்பித்தது. இருபத்திரண்டு பதினொன்று ஆயிற்று, பதினொன்று நாலு ஆயிற்று. ஐந்தாம் மாதம் பதினேழாம் வீட்டில் சைபர் போட்டேன். அக்கா அன்று எனக்குக் காபி கொடுத்தார். அடுத்த வாரத்திலிருந்து தெருவெங்கும் சைபர்தான். சும்மா தெருவில் கொசு குறையவே இல்லை, மழை மாதத்தில் ஏறவும் செய்தது. நிலையத்துச் சுவரில் ஒட்டியிருந்த கட்டம் போட்ட தாளில் இரண்டு கோடுகள், ஒன்று மேலே, ஒன்று கீழே. பார்த்தால் யாரும் மயங்கிவிடுவார்கள். மேலதிகாரி அந்தத் தாளின் முன்னால் நின்றே ஒரு பொட்டலம் மிக்சரைத் தீர்ப்பார். "எண்ணெய் பேசுதும்மா" என்பார்.

பேசியது எண்ணெய் இல்லை. என் மூக்கு அதை வாரத்துக்கு இரண்டு நாள் முகர்ந்துகொண்டுதான் இருந்தது. நாங்கள் போகிற நேரத்தில் எண்ணெய்த் தெரு முழுக்க சாம்பிராணி மணக்கும். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது என்றாலும், செவ்வாயும் வெள்ளியும் இந்து வீடுகளில் விசேஷம், சாம்பிராணி போடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். பக்தியுள்ள தெரு என்று ஒரு மரியாதைகூட வந்தது. ஒன்பதாம் வீட்டில் மாதா படம் மாட்டியிருந்தார்கள். அங்கேயும் சாம்பிராணி. செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு விசேஷமாயிற்றே என்று அதற்கும் நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். வெள்ளிக்கிழமைக்கு என்ன காரணம் என்று என்னை நானே கேட்டிருந்தால் பின்னால் இவ்வளவு அசடு வழிந்திருக்க வேண்டாம்.

மார்ச் நெருங்கியது. மேலதிகாரி அறிக்கை எழுத ஆரம்பித்தார். எண்ணெயால் கொசு ஒழிந்தது என்று இந்தப் படத்தோடு மேலே அனுப்பினால் நிலையம் நிரந்தரமாகும், கலெக்டரின் வேலையும் நிரந்தரமாகும் என்று சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை வந்து படத்தை எடுத்துப் போவதாக ஏற்பாடு. கலெக்டர் தன் வாழ்நாளில் முதல் முறையாக மார்ச் மாதத்தில் இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அரசு விடுமுறை. கலெக்டர் திங்கட்கிழமைக்கும் லீவு போட்டு இரண்டு நாளாகச் சேர்த்துக்கொண்டார். எனக்குக் கணக்கில் ஓட்டை விழுவது பிடிக்காது. நான் மட்டும் திங்கட்கிழமையே போய்விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

தெருவில் சாம்பிராணி வாசனை இல்லை. பதினேழாம் வீட்டில் நுழைந்து கொடித்துணியை விலக்கி டார்ச் அடித்தேன். கொசு, கொசு, கொசு. வயிறு சிவந்து, பறக்கக்கூட முடியாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தது. பத்து நிமிடத்தில் முப்பத்தொன்று பிடித்தேன். அடுப்படியிலிருந்து ஓடிவந்த அக்காவுக்கு மூச்சு வாங்கியது.

"இன்னா டீச்சர், இன்னிக்கி திங்கக்கெயம தானே? சொல்லாம கொள்ளாம வந்துகினு கீறே?"

"நாளைக்கு லீவுக்கா."

"அத்த மின்னாடியே சொல்றதுக்கு இன்னா? ஊட்ட பெருக்கக்கூட இல்ல." என் கை அட்டைப் பக்கம் போவதைப் பார்த்துவிட்டார். "எயுதாதே. அந்தப் பென்சில உள்ள வெய்யி. நாளிக்கி வா, ஒரு கொசு இருந்தா கேளு."

"நாளைக்கு மட்டும் எப்படிக்கா இருக்காது?"

கேட்டுவிட்டேனே தவிர, பதில் வருவதற்குள் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. அக்காவும் இனி மறைத்துப் பயனில்லை என்று முடிவு செய்திருக்க வேண்டும். கட்டிலில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார்.

"நீ வர்றதுக்கு மின்னாடி எய்ந்து, சட்டியில தேங்கா நாரு, வேப்பெல, சாம்பிராணி அல்லாத்தையும் போட்டு, கதவ மூடி பொகைய கெளப்புவேன். அப்பால கதவ தொறந்து, ஈரத்துண்டால மூல மூலயா வெரட்டுவேன். ஒண்ணு உடமாட்டேன். நான் மட்டுமா? தெருவே செய்து."

"விரட்டினது எங்கேக்கா போகும்?"

"தோ, பதினெட்டுக்கு."

"பதினெட்டுல?"

"அவ பத்தொம்போதுக்கு வெரட்டுவா. முப்பதுக்கு அப்பால ஏரிதானே, போய் சாவட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வாரம் இரண்டு நாள், காலை ஐந்து மணிக்கு, ஒன்றாம் வீட்டிலிருந்து முப்பதாம் வீடு வரை ஒரு தெருவே சேர்ந்து கொசுவை ஈரத்துண்டால் ஏரிக்குத் துரத்திக்கொண்டிருந்திருக்கிறது. அதுவும் நான் வருகிறேன் என்பதற்காக. "பின்ன இன்னா டீச்சர், ரத்தக் கலருல இருவத்திரெண்டுன்னு எயுதி மாட்டிட்டு போய்ட்டே. எங்க நாத்தனா வந்து பாத்துட்டு, இன்னா உங்க ஊட்ல மார்க்கு கொறச்சலான்றா. கொயாயடியில தலகாட்ட முடில" என்றார் அக்கா.

அங்கிருந்து நேராகச் சும்மா தெருவுக்குப் போனேன். அங்கே அட்டையும் இல்லை, புகையும் இல்லை. வழக்கமான எண்ணிக்கைதான் இருந்தது. இரண்டு தெருவும் ஒன்றுதான். ஏழு மாதமாக எங்கள் எண்ணெய் ஒரு கொசுவைக்கூட அசைக்கவில்லை. அசைத்தது என் சிவப்புப் பென்சில்.

புதன்கிழமை காலை கலெக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார். "அதான் தெரியுமேம்மா. தீபாவளிக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா, அண்ணே?"

"இன்னா பண்ண சொல்றே? தெருவுக்கு சந்தோசம். சாருக்கு சந்தோசம். கொசுவுக்கு மட்டும்தான் கஷ்டம்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "ஒம்போது வருசம்மா" என்றார். "சொல்லணும்னா சொல்லு. நான் தடுக்க மாட்டேன். ஆனா ஒம்போது வருசம்."

எனக்குக் கோபம் மூக்கு வரை வரும், வந்தால் வாய் நிற்காது. அன்று மட்டும் அவர் மீது கோபப்பட முடியவில்லை. அட்டை மாட்டியது நான், சிவப்புப் பென்சில் என்னுடையது, சாம்பிராணியைப் பக்தி என்று நம்பிய மேதாவியும் நானேதான். என் முட்டாள்தனத்துக்கு அவருடைய வேலை பலியாக வேண்டுமா? அன்று மாலை அம்பத்தூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது அவள் கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தாள். "நானா இருந்தா ரெண்டு சட்டி வச்சிருப்பேன்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு சோறு போட்டாள்.

இரவு படுத்துக்கொண்டு யோசித்ததில் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்த அறிக்கை போனால், இந்த எண்ணெயை நூறு ஊர்ச் சாக்கடையில் ஊற்றுவார்கள். அங்கே சிவப்புப் பென்சில் இருக்காது, புகைச்சட்டி இருக்காது. கொசு இருக்கும், யானைக்காலும் இருக்கும்.

வெள்ளிக்கிழமை மேலதிகாரி ஜீப்பை விட்டு இறங்கியதும் சொல்லிவிட்டேன். ஒரே மூச்சில், தலையிலிருந்து வால் வரை. கலெக்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். மேலதிகாரி சுவரில் இருந்த தாளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அதில் குத்தியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி டப்பாவில் போட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தப் பதினேழாம் வீட்டுக்கு என்னைக் கூட்டிட்டுப் போம்மா" என்றார்.

அக்கா அவருக்கு நாற்காலி போட்டார், பதினெட்டாம் வீட்டிலிருந்து கண்ணாடி டம்ளர் இரவல் வந்தது. புகை எப்படிப் போடுவது என்று மேலதிகாரி கேட்கக் கேட்க, அக்கா நார் எவ்வளவு, இலை பச்சையா காய்ந்ததா, துண்டை எந்தப் பக்கத்திலிருந்து வீச வேண்டும் என்று நடந்து நடந்து காட்டினார். மனிதர் ஒன்று விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டார். கடைசியில், இன்னும் ஒரு வருடம் முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்கிறது, அதுவரைக்கும் புகை போடாமல் இருந்தால் நல்லது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அக்கா இடுப்பில் கை வைத்தார். "அப்போ இந்த டீச்சரம்மா கணக்கு சரியா வர்றதுக்கு எங்க புள்ளைங்கள கொசு புடுங்கணுமா, சார்?"

மேலதிகாரி நோட்டை மூடினார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஏழு மாதம் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். கொசுவை எண்ணினேனே தவிர, அது யாரைக் கடித்துவிட்டு வந்து சுவரில் உட்கார்ந்திருக்கிறது என்று அந்த வீட்டு ஆட்களைப் பார்த்து நினைத்ததே இல்லை. ரத்தம் குடித்த கொசு என்றால் எனக்குச் சந்தோஷம், மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கலாமே என்று.

"வேண்டாம்மா. புகை போடுங்க" என்றார் மேலதிகாரி. "உங்களுக்குத் தோணின அன்னிக்குப் போடுங்க. நாங்க வர்றோம்னு போடாதீங்க."

அப்படித்தான் முதலிலிருந்து ஆரம்பித்தோம். அட்டைகளைக் கழற்றினோம். எந்த நாள், எந்த வீடு என்று ஒரு டப்பாவில் சீட்டுப் போட்டு அன்று காலையில் கலெக்டர் எடுப்பார். தெருவுக்கு மட்டுமல்ல, எங்களுக்கே முன்கூட்டித் தெரியாது. மேலதிகாரி மேலே போய் என்ன பேசினாரோ, நிலையத்துக்கு இன்னும் ஒரு வருடம் கொடுத்தார்கள். கலெக்டரின் வேலை நிரந்தரமாகவில்லை. ஏப்ரலில் தற்காலிகமாகத் திரும்ப வந்தார். சீட்டு எடுப்பார், எண்ணைச் சொல்வார், அதற்கு மேல் என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. இரண்டு மாதம் அப்படி ஓடியது. நான் வெளியில் வீராப்பாக இருந்தேன், உள்ளுக்குள் நொந்துகொண்டுதான் இருந்தேன்.

மௌனத்தை உடைத்ததும் கொசுதான். பதினேழாம் வீட்டு அக்கா ஒரு நாள் என் டார்ச்சைப் பிடுங்காத குறையாகக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துப் போனார். "தெரு சாக்கடையிலியே எண்ணெய ஊத்திகினு கீறீங்க. கொசு இங்க இல்ல கீது" என்றார். குளிக்கிற தண்ணீர் ஓடிப்போய்த் தேங்குகிற குழி ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் இருந்தது, மேலே பலகை போட்டு மூடியபடி. எண்ணெய் ஊற்றும் ஆட்கள் பெண்கள் குளிக்கிற இடத்துக்குள் போக முடியாது, ஆகவே அப்படி ஒரு குழி இருப்பதே எங்கள் கணக்கில் இல்லை. பலகையைத் தூக்கிய கலெக்டர் புழு பார்க்கிற கரண்டியால் தண்ணீர் மொண்டு பார்த்துவிட்டு, என்னைக் கூப்பிட்டார். "யம்மா, இங்க வா, வந்து பாரு." கரண்டி நிறையப் புழு நெளிந்தது. நாங்கள் இரண்டு பேரும் அந்தக் குழிக்கு மேல் குனிந்துகொண்டு பழையபடி பேச ஆரம்பித்தோம்.

அதன் பிறகு எண்ணெய் பாட்டிலைப் பெண்களிடமே கொடுத்தோம். வாரம் ஒரு முறை அவரவர் குழியில் அவரவர் ஊற்றினார்கள். எண்ணெய்த் தெருவில் கோடு இறங்கியது. முன்பு போல் மயக்குகிற வேகத்தில் இல்லை, கொஞ்சம் இறங்கும், கொஞ்சம் ஏறும். ஆனால் இந்த முறை இறங்கியது கொசு. அந்த அறிக்கை போனது. கலெக்டரின் வேலை நிரந்தரம் என்று உத்தரவு வந்த அன்று அவர் டிபன் கேரியரில் மீன் குழம்பு கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "ஒண்ணரை வருசம் லேட்டு" என்றார். பிறகு வஞ்சிர மீனில் நடுத்துண்டை எடுத்து எனக்குத்தான் வைத்தார்.

அந்தத் தெருக்களில் எங்களுக்கு மிச்சமிருந்த கடைசி இரண்டு மாதத்தில் மேலதிகாரிக்கு ஒரு விபரீத ஆசை வந்தது. அட்டையை மறுபடி மாட்டுவோம், எண்ணைப் பெண்களே எழுதட்டும் என்றார். நாம் போய்விட்ட பிறகு அவர்கள்தானே பார்த்துக்கொள்ள வேண்டும். நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஒரு தடவை பட்டது போதாதா, முப்பது வீட்டிலும் சைபர் மாலை தொங்கும் என்று சண்டை போட்டேன். அவர் மிக்சரை நீட்டினார். சிவப்புப் பென்சில்கள் ஒரு டஜன் வாங்கிக் கொடுத்தேன், கடுகடுத்த முகத்தோடு.

மூன்றாவது வாரம் சீட்டில் பதினேழாம் வீடு வந்தது. விடியற்காலையில், யாரிடமும் சொல்லாமல் போனேன். இப்போது என்ன எழுதி வைத்திருக்கிறார் என்று கையும் களவுமாகப் பிடிக்கப் போகிற உற்சாகம் எனக்குள் இருந்தது, மறைப்பானேன். அக்கா அடுப்பில் இருந்தார். "எண்ணிட்டியா? நான் எண்ணி எயுதிட்டேன்" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். கதவுக்குப் பின்னால் பார்க்காமல் முதலில் நான் எண்ணினேன். கட்டிலுக்கு அடியில் மூன்று, கொடித்துணியில் நாலு, பரண் ஓரம் ஒன்று. பத்து நிமிடம். எட்டு. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பிறகு அட்டையைத் திருப்பினேன். கோணல் மாணலாக, சிவப்பில், ஒன்பது.

"அக்கா, எட்டுதான் இருக்கு" என்றேன். என் குரலில் இருந்த பெருமை எனக்கே கேட்டது.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என் டார்ச்சை வாங்கி, சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரை ஒரு விரலால் மெல்லத் தூக்கிப் பிடித்தார். அதன் பின்னால், வயிறு சிவந்து, அசையாமல் ஒன்று உட்கார்ந்திருந்தது.

"இத்த உட்டுட்டியே, டீச்சர்."

நோட்டை எடுத்து எட்டை அடித்துவிட்டு, பக்கத்தில் ஒன்பது என்று எழுதினேன்.